ஏஜென்ட் வழியா, நேரடியா: தண்டையார்பேட்டை வாசகிக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வாடகைத் தாயாக இருக்கத் தனக்குச் சம்மதம், ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்து பேசுகிறார், தெரிந்த குடும்பம் ஒன்றும் நேரடியாகக் கேட்கிறது, எந்த வழியில் போவது நல்லது என்று. ‘மருத்துவரையும் வழக்கறிஞரையும் கலந்து முடிவெடுக்கவும்’ என்று பதில் போட்டிருந்தீர்கள். அதில் தப்பு இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் ஒரு பெண் எந்த வழக்கறிஞரை எங்கே போய்ப் பார்ப்பாள்? அவளைப் பரிசோதிக்கிற மருத்துவருக்குப் பணம் கட்டுவது யார்? இதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் கேட்ட இரண்டு வழியும் எனக்குத் தெரியும். ஒன்றில் பாதி தூரம் போய்த் திரும்பினேன். இன்னொன்றில் போய், 2024 அக்டோபரில் என் நாத்தனாரின் மகளைப் பெற்றுக் கொடுத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 36 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறோம். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குச் சேலை ஓரம் அடித்து, ஃபால்ஸ் வைத்து, பிளவுஸ் தைத்துத் தருவது என் தொழில். வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தவர்கள்.

2023 தொடக்கத்தில், மகளிர் சுயஉதவிக் குழுவில் பழக்கமான ஒரு அக்கா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து வந்தார். மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தைத்து வைத்திருந்த பிளவுஸ் ஒன்றை எடுத்து விரலால் தடவிக்கொண்டே பேசினார். “ஒம்பது மாசம், கண்ண மூடித் தொறந்தா போயிடும். 4 லட்சம். நீ ஏற்கெனவே ரெண்டு பெத்தவ, ஒடம்பு நல்லா இருக்கு” என்றார். கொரோனா நேரத்தில் வாங்கிய கடன் அப்போது 90,000 ரூபாய் நின்றது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குழு நோட்டு அவரிடம்தானே இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஆசை வந்தது. அந்த ராத்திரி நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மறுநாள் அந்த அக்காவிடம் நாலைந்து கேள்வி கேட்டேன். எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, ஊருக்கு வெளியே ஒரு வீடு, இன்னும் சில பெண்களோடு, பிள்ளைகளை மாதம் ஒரு தடவை பார்க்கலாம் என்றார். குழந்தை யாருக்கு என்றால், அது உனக்கு எதற்கு என்றார். பணம் யார் தருவார்கள் என்றதற்கு, என் கையால்தான் வரும் என்றார். சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டபோதுதான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சொந்தக்காரின்னு எழுதிக்கலாம், ஆதார்ல அட்ரஸ மாத்திக்கலாம், அதெல்லாம் நாங்க பாத்துப்போம்” என்றார்.

ஆதார் என்று அவர் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு முந்தின வருஷம்தான் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதை ஆதாரில் கூட்டிக் காட்டி, கருமுட்டையை விற்ற செய்தி பேப்பர் பேப்பராக வந்தது.

அப்புறம் என் சித்தி ஞாபகம் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரம் இருந்தவர்களை எர்ணாவூரில் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். பிழைப்பு கடலில், குடியிருப்பு எங்கோ. 2007 ஜனவரியில் அங்கே பெண்கள் கிட்னி விற்ற செய்தி வெளியே வந்தபோது ஊரே அதிர்ந்தது. எங்களுக்கு அது செய்தி இல்லை. சித்தி குளித்துவிட்டுப் புடவை சுற்றும்போது விலாவிலிருந்து வயிறு வரை ஓடும் தழும்பைப் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்தில் அந்த இடம் அரிக்கும், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். பேசியது ஒன்றரை லட்சம், கைக்கு வந்தது 45,000. அவரை அழைத்துப் போனவளும் ஏற்கெனவே கிட்னி கொடுத்த பெண்தான். உடம்பை விலை பேச வருகிற ஏஜென்ட் எங்கள் பேட்டைகளுக்குப் புதிது கிடையாது. எப்போதும் பழகின முகமாக, அக்கா முறை சொல்லிக்கொண்டுதான் வருவார்.

அந்த அக்காவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை.

அதே வருஷம்தான் என் நாத்தனாருடைய விஷயம் வந்தது. அவள் திருவொற்றியூரில் இருக்கிறாள். முதல் பிரசவத்தில் குழந்தையும் தங்கவில்லை, ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். கருமுட்டைப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு ஒருவர் சுமந்தால் உங்கள் குழந்தையே பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், நானாகத்தான் கேட்டேன். அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, “அண்ணி, வெளயாடாதீங்க” என்றாள்.

நேரடி ஏற்பாடு என்றால் சுலபம் என்று தண்டையார்பேட்டை வாசகி நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொந்தத்துக்குள் நடப்பதுதானே, யாருக்கு யார் கணக்குக் காட்டப் போகிறோம் என்று. ஆனால் சொந்தம் என்பதால்தான் வாய் திறந்து கேட்க முடியாத கேள்விகள் அதிகம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று நாத்தனாரிடம் எப்படிக் கேட்பது? இன்சூரன்ஸ் பேப்பரைக் காட்டு என்று அவள் வீட்டுக்காரரிடம், அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம், எப்படிச் சொல்வது?

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில் ஒரு துண்டறிக்கை கொடுத்திருந்தார்கள். அதில் 15100 என்ற இலவச எண் இருந்தது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று அதில் போட்டிருந்ததை நம்பிக் கூப்பிட்டேன். பிறகு உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கிடைத்த வக்கீலம்மா மட்டும் இல்லையென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அவர் சொல்லித்தான் பல விஷயம் தெரிந்தது. 2021-இல் வந்து, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைத் தாய் சட்டப்படி, இதற்குக் கூலி பேசுவதே குற்றம். தரகர் வைத்துப் பெண்களைப் பிடிப்பதற்கு 10 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். சுமக்கிற பெண்ணுக்குத் திருமணம் ஆகி, சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், கரு வைக்கும் நாளில் வயது 25-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இப்படிச் சுமக்கலாம். அவளுடைய கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. கருவை உள்ளே வைக்கும் நிமிஷம் வரை, எனக்கு வேண்டாம் என்று அவள் விலகலாம், யாரும் தடுக்க முடியாது. கருவைக் கலைக்கச் சொல்லியும் யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு தடவைக்கு ஒரு கருதான் வைக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் மூன்று வரை. அவள் பெயரில் 36 மாதத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொன்னார். பணம் கைமாறி விஷயம் வழக்காகப் போனால், அந்தப் பெண்ணை அவள் கணவனும் உறவினரும் கட்டாயப்படுத்தியதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஏஜென்ட் அக்கா சொன்ன 4 லட்சத்தில் இந்தக் கதையெல்லாம் சேரவில்லை.

‘அமெரிக்காவுல எல்லாம் ஏஜென்சிதான்’ என்று அந்த அக்கா போனில் படம் காட்டியதையும் வக்கீலம்மாவிடம் சொன்னேன். உண்மைதான், கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் பணம் வாங்கிக்கொண்டு சுமப்பது சட்டப்படி நடக்கிறது, அங்கே பெண்கள் ஏஜென்சியில் சேர்வதா, தாங்களே குடும்பத்தைத் தேடிக்கொள்வதா என்று யோசிப்பதும் உண்டு என்றார். ஆனால் கலிபோர்னியாவில் ஏஜென்சி வழி போனாலும் நேரடியாகப் போனாலும், சுமக்கிற பெண்ணுக்குத் தனி வக்கீல், குழந்தை கேட்கிறவர்களுக்குத் தனி வக்கீல் இருந்தாக வேண்டுமாம். தரகர் பணத்தைத் தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது, மூன்றாமவர் பொறுப்பில் தனிக் கணக்கில் போட வேண்டுமாம். இங்கே வந்த அக்கா காட்டிய படத்தில் சிரித்த பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். அந்த வக்கீல் இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று, கோர்ட் உத்தரவு, எனக்கு உடலும் மனமும் தகுதி என்ற சான்று, அவர்களுக்குத் தகுதிச் சான்று என்று பல மாதம் அலைந்தோம். நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பிளஸ் டூ படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் அது அந்த ஆங்கிலம் இல்லை. எனக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள் என்றேன். “எல்லாரும் இதுலதாம்மா போடறாங்க” என்று பேனாவை நீட்டினார்கள். புரியும் மொழியில் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று வக்கீலம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபின் 9 நாளில் தமிழில் வந்தது. காப்பீட்டுத் தாளையும் அவர்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 12 மாதத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். நாத்தனார் வீட்டுக்காரருக்கே அது தெரியாது, மருத்துவமனையில் சொன்ன ஆளிடம் பணம் கட்டியிருந்தார், அவ்வளவுதான். அதையும் 36 மாதத்துக்கு மாற்றினோம்.

கோர்ட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை நாத்தனார் தம்பதிக்குத்தான் என்று உத்தரவு வாங்க, அவர்களும் நானும் சேர்ந்து மனுப் போட்டிருந்தோம். மாஜிஸ்திரேட் அம்மா மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “ஒங்களுக்கு இதுல இஷ்டமா? யாராவது பணம் தரேன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க.” நான் இஷ்டம்தான் என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவரை எத்தனையோ ஸ்கேன், எத்தனையோ ரத்தப் பரிசோதனை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் ஒருவர் கேட்டது அங்கேதான்.

முதல் முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை, 2024 ஜனவரியில், தங்கியது. வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதியப் போனேன். நர்ஸம்மாவுக்கு என்னை நன்றாகத் தெரியும். “ஒனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆயிடுச்சே, எப்படி?” என்று பதறினார். மூன்றாவது பிரசவம் என்று எழுதிக்கொண்டார். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய், இதற்குக் கிடையாது. கருக்குழாயைக் கட்டியிருந்தாலும் வெளியே உருவான கருவைக் கர்ப்பப்பையில் வைக்க முடியும் என்று அவருக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். அவர் மேல் தப்பில்லை. அவருடைய பதிவேட்டில் என் மாதிரிப் பெண்ணை எழுத ஒரு கட்டம் இல்லை.

கூலி விஷயத்தில்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எனக்குப் பீஸ் கணக்கு. தைத்தால் காசு, தைக்காவிட்டால் இல்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து நீண்ட நேரம் மெஷினில் உட்காரக் கூடாது என்றுவிட்டார்கள். அப்புறம் சிசேரியன், அதற்கப்புறம் மூன்று மாதம். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் நான் இழந்தது ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும். நாத்தனார் அதைக் கொடுக்கத் தயாராக இருந்தாள். வக்கீலம்மாதான் தடுத்தார். மருத்துவச் செலவு, காப்பீடு, விதியில் சொன்ன செலவு, இதைத் தாண்டி ஒரு ரூபாய் கைமாறினாலும் வம்பு என்றார். மத்திய அரசில் வேலை பார்க்கிற பெண் இப்படிச் சுமந்தால் 180 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 2024-இல் விதியையே திருத்திவிட்டார்கள். எம்.சி. ரோட்டுக்குத் தைக்கிற பெண் சுமந்தால் சம்பளமும் இல்லை, ஈடும் இல்லை. பிரிட்டனில்கூட இதற்குக் கூலி பேசக் கூடாதாம், ஆனால் வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளத்தை நியாயமான செலவு என்று கொடுக்கலாமாம். 2017-இல் நம் பாராளுமன்ற நிலைக்குழுவே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. அதை ஏற்கவில்லை. இழந்த கூலியைக் கொடுப்பது வேறு, கர்ப்பப்பைக்கு விலை பேசுவது வேறு. இதைப் பிரித்து எழுத முடியாதா?

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் நான் வீட்டுக்கு வந்தேன். மாமியார் வழக்கம்போல விடியற்காலை காசிமேடு போய்ப் பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்து, தட்டோடு என் அறை வாசல் வரை வந்துவிட்டார். அங்கேயே நின்றார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறத்தானே சுறாப்புட்டு. எனக்கு ஊறக் கூடாதே. தட்டைத் திரும்ப எடுத்துப் போகவும் அவருக்கு மனசில்லை. கொடுங்கள் அத்தை என்று வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு ராத்திரி நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் மாத்திரை தந்தார், அத்தை பழைய வழக்கப்படி மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டார். அந்த வாசனை என் நைட்டியில் ஒரு வாரம் இருந்தது. இதைப் பற்றி மருத்துவமனையில் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசகி தயாராக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பிரசவம் ஆன அன்றோடு முடிகிற வேலை இல்லை இது.

தண்டையார்பேட்டை வாசகிக்கு என் பதில் இதுதான். ஏஜென்ட் வேண்டாம், எவ்வளவு பழகினவராக இருந்தாலும் வேண்டாம். அந்த வழியில் ஏதாவது கெட்டது நடந்தால் நீங்கள் புகார் கொடுக்கக்கூட முடியாதபடி உங்கள் பெயரிலேயே பொய் எழுதி வைத்திருப்பார்கள். தெரிந்த குடும்பத்துக்கு, மனசார விருப்பம் இருந்தால் மட்டும், நேரடியாகச் செய்யுங்கள். ஆனால் அவர்களுடைய வக்கீலை உங்கள் வக்கீல் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கென்று ஒருவர் வந்து தாள்களைப் படிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் வருத்தப்பட்டால் படட்டும். என் நாத்தனாரும் முதலில் வருத்தப்பட்டாள். அந்த 12 மாதக் காப்பீடு வெளியே வந்தபின் அவளே வக்கீலம்மாவுக்குப் பழம் வாங்கிப் போய்க் கொடுத்தாள்.

தமிழக அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டம் ஏஜென்டை விலக்கியது சரி. ஆனால் அவர் ஏமாற்றிக்கொண்டு செய்த வேலையை, அதாவது எங்கே போவது, எந்தத் தாள், யாரைப் பார்ப்பது என்று சொல்வதை, இப்போது யாரும் செய்வதில்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் அந்த அக்கா இன்னும் வீடு வீடாகப் போகிறார். ஸ்டான்லி, எழும்பூர் போன்ற அரசு மருத்துவமனைகளில் சுமக்கிற பெண்ணுக்காக மட்டும் ஒரு ஆலோசகரை உட்கார வையுங்கள். குழந்தை கேட்கும் தம்பதியிடம் ஒரு பைசா வாங்காதவராக அவர் இருக்கட்டும். படிவங்களைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். இழந்த கூலிக்கு வழி செய்யச் சொல்லி மத்திய அரசுக்கு எழுதுங்கள்.

தங்களுக்கும் ஒன்று. எழுதும்போது ‘வாடகைத் தாய்’ என்ற சொல்லை மாற்ற முடியுமா என்று பாருங்கள். சட்டத்தின் பெயரையே தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள், அதனால் நானும் இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள், பேப்பர் படிக்கிறாள். “நாம வாடகை வாங்கலையேம்மா” என்று கேட்டாள். மாமியார் அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிச் சொல்லும்போது ‘சுமந்து குடுத்தவ’ என்கிறார்.

கோர்ட் உத்தரவு, காப்பீட்டுத் தாள், தமிழில் வந்த ஒப்புதல் படிவம், வக்கீலம்மா கைப்பட எழுதிக் கொடுத்த கேள்விகள், எல்லாவற்றின் ஜெராக்ஸும் ஒரு மஞ்சள் பையில் என்னிடம் இருக்கிறது. அந்த வாசகி உங்களைத் தொடர்புகொண்டால் என் முகவரியைத் தயங்காமல் கொடுங்கள். மத்தியானம் 2 மணிக்கு மேல் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.

(நாத்தனார் மகளின் பொருட்டு என் பெயரை வெளியிட வேண்டாம். பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்துள்ளேன்.)